வால்யூம் ஆஃப்லைன் போனால் பேட்ச் ஜாப் எங்கே நின்று காத்திருக்க வேண்டும்?

நாவலூர்_பேட்ச்

எல்லோருக்கும் வணக்கம். ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்ஃப்ரேம் பேட்ச் ஷெட்யூலிங், அதாவது வரிசையாக ஓடும் ஜாப்களை நேரப்படி விடும் வேலை, பார்க்கிறேன். கிளையன்ட் அமெரிக்கக் கிழக்குக் கரையில், மெஷினும் அங்கேதான். அவர்களுக்கு இரவு 10 மணி என்றால் கோடையில் நமக்கு மறுநாள் காலை 7.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 8.30. நைட் ஷிஃப்ட் கேபுக்குக் கிளம்பி, மார்னிங் ஷிஃப்ட் லாகின் ஆகிற நேரத்தில்தான் பேட்ச் சூடு பிடிக்கும்.

விஷயம் இதுதான். கிளையன்ட்டின் ஸ்டோரேஜ் டீம் பழைய டிஸ்க் பெட்டியைக் காலி செய்துகொண்டிருக்கிறது. வாரக் கடைசியில் சில வால்யூம்களை (பெயரிட்ட டிஸ்க்குகள்) ஆஃப்லைன் செய்வார்கள், அதாவது சிஸ்டத்துக்குக் கிடைக்காதபடி எடுப்பார்கள். முந்தின நாள் வால்யூம் பெயர்களோடு எங்களுக்கு ஒரு மெயில் வரும். அவற்றில் என்னென்ன டேட்டாசெட் (ஃபைல்) இருக்கிறது, எதை எந்த ஜாப் தொடும் என்று கேட்டலாகையும் (எந்த ஃபைல் எந்த வால்யூமில் என்ற பட்டியல்) ஜேசிஎல்லையும் (ஜாபை விவரிக்கும் கட்டளை வரிகள்) துழாவி, ஜாப்களைக் கையால் ஹோல்டில் போடுவோம்.

போன வாரம் மெயிலில் இல்லாத ஒரு வால்யூமையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஜாப் இனிஷியேட்டருக்குள், அதாவது ஜாப் ஓடும் இடத்துக்குள், போய்விட்டது. ஃபைலையும் டிவைஸையும் ஒதுக்கும் அலொக்கேஷனில் வால்யூம் கிடைக்கவில்லை. கன்சோலில் ஐஇஎஃப்238டி வந்து நின்றது: டிவைஸ் பெயர் கொடு, இல்லை வெயிட், இல்லை கேன்சல். ஆபரேட்டர் வெயிட் கொடுத்தார். அந்த ஜாப் ஏற்கனவே ஒரு கன்ட்ரோல் ஃபைலை டிஸ்ப் ஓல்டில், வேறு யாரும் தொடாதபடி, பிடித்துவைத்திருந்தது. அதே ஃபைலைக் கேட்ட மற்ற ஜாப்கள் ஐஇஎஃப்099ஐ மெசேஜோடு பின்னால் வரிசை கட்டின. ஒவ்வொன்றும் ஒரு இனிஷியேட்டரை அடைத்துக்கொண்டது. கடைசியில் அந்த வால்யூமுக்குச் சம்பந்தமே இல்லாத ஜாப்களுக்குக்கூட இனிஷியேட்டர் இல்லை.

ஜாப் காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உள்ளே போய், கையில் நாலு ஃபைலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. வெளியிலேயே நிற்க வேண்டும். இதற்கு உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள்? எங்களிடம் ஜாப்களை வாங்கி வரிசையில் வைப்பது ஜெஸ்2, ஷெட்யூலர் கன்ட்ரோல்-எம். பெரும்பாலான டிஸ்க் எஸ்எம்எஸ் (புது ஃபைல் எந்த வால்யூமில் உட்காரும் என்று சிஸ்டமே முடிவு செய்யும் ஏற்பாடு) கீழே. கொஞ்சம் பழைய பூல் (வால்யூம் தொகுப்பு) எஸ்எம்எஸ்ஸுக்கு வெளியே.

சிறுசேரி_டிஸ்க்

ஸ்டோரேஜ் தரப்பிலிருந்து பேசுகிறேன். உங்கள் கிளையன்ட் டீம் வரிசை மாறிச் செய்கிறது என்று நினைக்கிறேன். எஸ்எம்எஸ் வால்யூமை எடுத்த எடுப்பில் வேரி கமாண்ட் கொடுத்து ஆஃப்லைன் செய்யக் கூடாது. சில நாள் முன்னாடியே அதை டிஸ்நியூ நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது புது டேட்டாசெட் எதுவும் அதில் வந்து உட்காராது. பழையதைப் படிக்கலாம், எழுதலாம். அப்புறம் டிஎஸ்எஸ் (டேட்டாசெட்டை நகர்த்தும் ப்ரோக்ராம்) வைத்து மிச்சத்தை நகர்த்தி, விடாக் (வால்யூமில் உள்ள ஃபைல்களின் அட்டவணை) காலியானதைப் பார்த்த பிறகுதான் ஆஃப்லைன். அந்த நேரத்தில் அதைத் தேடி எந்த ஜாபும் வராது.

இதில் பலர் குழம்பும் இடம் குவிநியூ. அதைப் போட்டால் புதுசு எதுவும் வராது என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் குவிநியூ வால்யூம் இரண்டாம் பட்டியலுக்குப் போகும், அவ்வளவுதான். எனேபிள் நிலையில் உள்ள வால்யூம்களில் இடம் போதவில்லை என்றால் எஸ்எம்எஸ் இதையும் எடுத்துக்கொள்ளும். மாதக் கடைசி இரவில் இடம் நெருக்கும்போது, காலி செய்து வைத்த வால்யூமில் புது ஃபைல் வந்து குந்தியிருக்கும். காலி செய்ய வேண்டுமென்றால் டிஸ்நியூதான்.

இன்னொன்றும் உண்டு. யாராவது பிடித்துக்கொண்டிருக்கும் வால்யூமுக்கு வேரி ஆஃப்லைன் கொடுத்தால் அது உடனே போகாது. கடைசி ஆள் விடும்வரை பெண்டிங்கில் நிற்கும். டிபி2, சிஐசிஎஸ் மாதிரி நாள் முழுக்க ஓடும் டாஸ்க் ஒன்று பிடித்திருந்தால் அது போகவே போகாது. டிஸ்ப்ளே யூனிட் கமாண்டில் அலொக் போட்டுப் பார்த்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு வரும். அதைப் பார்க்காமல் சேஞ்ச் டிக்கெட்டில் முடிந்தது என்று எழுதிவிட்டுப் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கன்சோல்_ஷிஃப்ட்பி

ஆபரேட்டர் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். ஐஇஎஃப்238டி வரும்போது எங்கள் கையில் இருப்பது ஜாப் பெயர், ஸ்டெப் பெயர், ஆஃப்லைனில் உள்ள டிவைஸ்களின் பட்டியல், இவ்வளவுதான். அந்த ஜாப் வேறு எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது, அதற்குப் பின்னால் எத்தனை பேர் நிற்பார்கள், இதெல்லாம் மெசேஜில் இல்லை. கேன்சல் கொடுத்தால் "ஏன் கேட்காமல் அடித்தாய்" என்று அப்ளிகேஷன் டீம் எழுப்புவார்கள். வெயிட் கொடுத்தால் இந்த மாதிரி ஆகும்.

வெயிட் கொடுத்த பிறகு ஐஇஎஃப்433டி வந்து ஹோல்டா நோஹோல்டா என்று கேட்கும். நோஹோல்ட் கொடுத்தால் ஜாப் எல்லாவற்றையும் விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை ஷிஃப்டுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தவறு. நோஹோல்ட் டிவைஸ்களை விடும். டேட்டாசெட்டின் மேல் உள்ள என்க்யூ (பிடி) ஜாப் தொடங்கும்போதே எடுத்தது, அது அப்படியே நிற்கும். நாவலூர் சார் சொன்ன வரிசை ஹோல்ட், நோஹோல்ட் இரண்டில் எதைக் கொடுத்திருந்தாலும் வந்திருக்கும்.

எங்கள் இடத்தில் இதை ஆபரேட்டர் கையில் விடுவதில்லை. பார்ம்லிபில் (சிஸ்டம் அமைப்புகள் உள்ள லைப்ரரி) அலொக்எக்ஸ்எக்ஸ் மெம்பரில் ஆஃப்லைன் டிவைஸுக்கு ஒரு பாலிசி சொல்லலாம்: கேள்வி கேள், கேன்சல் செய், காத்திரு. நாங்கள் கேன்சல் வைத்திருக்கிறோம். ஜாப் சுத்தமாக விழுந்துவிடும், ஷெட்யூலர் அலாரம் அடிக்கும், கையில் ஒன்றும் பிடித்திருக்காது. விழுந்த ஜாபைத் திரும்ப ஓட்டுவது சுலபம். தொங்குகிற ஜாபைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

நாவலூர்_பேட்ச்

ஷிஃப்ட்பி, ஆபரேட்டரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கொடுத்திருப்பேன். நோஹோல்ட் விவரத்துக்கு நன்றி, எங்கள் ரன்புக்கில் அது தப்பாக எழுதியிருக்கிறது, இன்றே மாற்றச் சொல்கிறேன்.

ஆனால் கேன்சல் பாலிசியில் எனக்கு ஒரு தயக்கம். நாலாவது ஸ்டெப்பில் விழுந்த ஜாபை அப்படியே திரும்ப ஓட்ட முடியாது. முதல் மூன்று ஸ்டெப்பில் புது ஜிடிஜி ஜெனரேஷன் (ஒரே ஃபைலின் எண்ணிட்ட அடுத்த பதிப்பு) கேட்டலாக் ஆகியிருக்கும். ரீஸ்டார்ட்டில் பிளஸ் ஒன்று (அடுத்தது) எது, பூஜ்யம் (இப்போதையது) எது என்று மாறிவிடும். அதனால்தான் தொடங்கும் முன்னாலேயே தடுக்க வழி கேட்கிறேன்.

பழைய_ஜெஸ்3

தம்பி கேட்பதை ஜெஸ்2-க்குப் பதிலாக ஓட்டும் ஜெஸ்3 பல வருஷம் முன்னாடியே செய்துகொண்டிருந்தது. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

ஜெஸ்2 ஹாஸ்ப் என்ற பழைய சிஸ்டத்தின் வழியில் வந்தது, ஜெஸ்3 ஏஎஸ்பி என்பதன் வழியில். இரண்டுக்கும் அடிப்படை எண்ணமே வேறு. ஜெஸ்2-இல் ஜாப் இனிஷியேட்டருக்குள் போன பிறகுதான் டிவைஸ், வால்யூம் எல்லாம் கேட்கப்படும். ஜெஸ்3-இல் மெயின் டிவைஸ் ஷெட்யூலர் என்று ஒரு பகுதி உண்டு, எம்டிஎஸ் என்போம். ஜேசிஎல் இன்டர்ப்ரெட் ஆனதும், கேட்டலாகில் பார்த்து, இந்த ஜாபுக்கு எந்தெந்த வால்யூம் வேண்டும் என்று முதலிலேயே கணக்கெடுத்துவிடும். எல்லாம் இருந்தால்தான் ஜாபை எக்சிக்யூஷனுக்குத் தேர்ந்தெடுக்க விடும். ஒரு வால்யூம் இல்லை என்றால் ஜாப் எம்டிஎஸ் வரிசையில் நிற்கும். இனிஷியேட்டர் வீணாகாது.

ஒரு வால்யூமை வேலைக்கு எடுக்கிறோம் என்றால், மாடிஃபை கமாண்டில் அந்த வால்யூமை 'கிடைக்காது' என்று குறித்துவிடுவோம். அதைக் கேட்கும் ஜாப்கள் தாமாகவே ஒதுங்கி நிற்கும். வேலை முடிந்ததும் 'கிடைக்கும்' என்று மாற்றினால் அவையே கிளம்பும். மெயில் பட்டியல் வைத்துக்கொண்டு கேட்டலாகைத் துழாவும் வேலையே கிடையாது. டேப் டிரைவ் குறைவாக இருந்த காலத்தில் ஹை வாட்டர்மார்க் செட்டப் என்று ஒன்று வைத்து, எந்த ஸ்டெப்புக்கு அதிகம் டிரைவ் வேண்டுமோ அந்த அளவை மட்டும் ஒதுக்கச் சொல்வோம். அதெல்லாம் நிதானமாக யோசித்துக் கட்டிய ஏற்பாடு.

எஸ்எம்எஸ் வந்ததும் நிலைமை மாறியது. எஸ்எம்எஸ் டேட்டாசெட் எந்த வால்யூமில் உட்காரும் என்பது அலொக்கேஷன் நேரத்தில்தான் முடிவாகும். அதை முன்கூட்டி ஜெஸ்3 அறிய முடியாது. அதனால் எஸ்எம்எஸ் டேட்டாசெட்டுக்கு டிவைஸ் ஒதுக்கும் வேலையை ஜெஸ்3 விட்டுவிட்டது. டிஸ்க் எல்லாம் எஸ்எம்எஸ் கீழே போகப் போக எம்டிஎஸ்ஸுக்கு வேலை குறைந்தது. மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்ஓஎஸ்ஸில் 2.5-தான் ஐபிஎம்மிடமிருந்து ஜெஸ்3 வந்த கடைசி வெளியீடு. இப்போது ஃபீனிக்ஸ் சாஃப்ட்வேர் அதை ஜெஸ்3பிளஸ் என்று தொடர்கிறது.

ஜேசிஎல்_கத்துக்குட்டி

சார், ஒரு சந்தேகம். நான் போன வருஷம்தான் மெயின்ஃப்ரேம் டிரெய்னிங் முடித்து ப்ராஜெக்டுக்கு வந்தேன். எஸ்எம்எஸ்ஸில் வால்யூம் முன்கூட்டித் தெரியாது என்றால், ஜேசிஎல்லில் வால்சர் என்று வால்யூம் பெயரைக் கொடுத்திருக்கிறார்களே, அது எதற்கு?

சிஸ்ப்ராக்_அம்பத்தூர்

நல்ல கேள்வி தம்பி. எஸ்எம்எஸ் டேட்டாசெட்டுக்குப் புது அலொக்கேஷனில் வால்சர் கொடுத்தாலும், ஸ்டோரேஜ் கிளாஸில் (எஸ்எம்எஸ் விதித் தொகுப்பு) கேரன்டீட் ஸ்பேஸ் இல்லாவிட்டால் அது பொருட்படுத்தப்படாது. எஸ்எம்எஸ்ஸுக்கு வெளியே உள்ள டேட்டாசெட்டுக்கு அது செல்லும், தொல்லையும் அங்கேதான். ஒரு ஃபைலை வேறு வால்யூமுக்கு நகர்த்தி கேட்டலாகைச் சரியாக மாற்றியிருப்பார்கள். ஆனால் ஜேசிஎல்லில் பழைய வால்சர் எழுதியிருந்தால் சிஸ்டம் கேட்டலாகைப் பார்க்காது, நேராகப் பழைய வால்யூமுக்குப் போகும், அங்கே ஃபைல் இல்லை, எஸ்213-04 அபெண்ட், அதாவது ஜாப் பாதியில் விழும். நாவலூர், நீங்கள் பெட்டி காலி செய்யும் வேலை தொடங்கும் முன் ப்ரொடக்‌ஷன் ஜேசிஎல் முழுக்க வால்சர் தேடி எடுத்துவிடுங்கள். இது ஸ்டோரேஜ் டீம் வேலை இல்லை, உங்கள் வேலை.

இப்போது உங்கள் மூலக் கேள்வி. பழைய_ஜெஸ்3 ஐயா சொன்னதை ஜெஸ்2-இல் முழுதாகச் செய்ய முடியாது, ஆனால் நெருங்கி வரலாம். டபிள்யூஎல்எம்மில் (வேலைப்பளுவைப் பங்கிடும் பகுதி) ஷெட்யூலிங் என்விரான்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. பலரிடம் லைசென்ஸோடு வந்த இந்த வசதி தூசி படிந்து கிடக்கிறது. ஒரு ரிசோர்ஸுக்குப் பெயர் வையுங்கள். அது ஆன், ஆஃப், ரீசெட் என்று மூன்று நிலையில் இருக்கும். 'இந்த ரிசோர்ஸ் ஆனில் இருக்க வேண்டும்' என்று ஒரு ஷெட்யூலிங் என்விரான்மென்ட் வரையறுங்கள். ஜாப் கார்டில் எஸ்சிஎச்இஎன்வி என்று அதன் பெயரைக் கொடுங்கள். ரிசோர்ஸ் ஆனில் உள்ள சிஸ்டம் ஒன்றாவது இருந்தால்தான் ஜெஸ்2 அந்த ஜாபை எடுக்கும். இல்லாவிட்டால் இன்புட் வரிசையிலேயே நிற்கும். இனிஷியேட்டர் இல்லை, என்க்யூ இல்லை, ஒன்றும் பிடித்திருக்காது. நீங்கள் கேட்டது இதுதானே?

ஆன், ஆஃப் மாற்ற மாடிஃபை டபிள்யூஎல்எம் கமாண்ட் போதும், ஆட்டோமேஷனிலிருந்தே கொடுக்கலாம். எஸ்டிஎஸ்எஃப்பில் (ஜாப்களைப் பார்க்கும் திரைகள்) எஸ்இ பேனலில் எந்த என்விரான்மென்ட் எந்த சிஸ்டத்தில் கிடைக்கிறது என்று பார்க்கலாம், ஆர்இஎஸ் பேனலில் ரிசோர்ஸ் நிலையை மாற்றலாம்.

ஒன்று நினைவிருக்கட்டும்: ஓடத் தொடங்கிய ஜாபை இது நிறுத்தாது. ஆஃப் செய்தால் புதிதாக உள்ளே போவது மட்டும்தான் நிற்கும். எனவே ஆஃப் செய்து, ஓடுவது முடியும்வரை பொறுத்து, அப்புறம்தான் வேரி ஆஃப்லைன்.

சிறுசேரி_டிஸ்க்

அம்பத்தூர் சொல்வது சரி. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் வால்யூமுக்கு ஒரு ரிசோர்ஸ் என்று வைக்கத் தொடங்கிவிடாதீர்கள். எங்களிடம் ஒரு டீம் அப்படி ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டது.

காரணம் இது. எஸ்எம்எஸ்ஸில் வால்யூமுக்கும் ஜாபுக்கும் உள்ள உறவு ஒரு ராத்திரிக்கு மேல் நிற்காது. நேற்று ஜிடிஜி ஜெனரேஷன் ஒரு வால்யூமில் உட்கார்ந்தது, இன்றைக்கு வேறொன்றில் உட்காரும். எச்எஸ்எம் (பயன்படாத ஃபைலை ஒதுக்கிவைக்கும் ப்ரோக்ராம்) ஒன்றை மைக்ரேட் செய்து, காலையில் ரீகால் ஆகும்போது, அதாவது திரும்ப டிஸ்குக்கு வரும்போது, அது மூன்றாவது வால்யூமுக்கு வரும். முந்தின நாள் மெயிலில் வரும் பட்டியலை வைத்து ஜாப் தேடுவது இதனால்தான் பயன்படாது. மெயில் வந்ததற்கும் வேரி கொடுப்பதற்கும் நடுவில் ஒரு முழு பேட்ச் ஓடிவிடும். நீங்கள் எவ்வளவு கவனமாகத் தேடினாலும் தப்பும்.

நிலையாக இருப்பது பூல் ஒன்றுதான், அதாவது ஸ்டோரேஜ் குரூப். எந்த அப்ளிகேஷன் எந்த ஸ்டோரேஜ் குரூப்புக்குப் போகும் என்பது எஸ்எம்எஸ்ஸின் விதிகளான ஏசிஎஸ் ரூட்டீனில் எழுதியிருக்கிறது, அது ராத்திரிக்கு ராத்திரி மாறாது. பூலுக்கு ஒரு ரிசோர்ஸ் வையுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு வெளியே உள்ள பழைய பூலுக்கு மட்டும் வேண்டுமானால் வால்யூம் வாரியாக வைக்கலாம், அங்கே ஃபைல் இடம் மாறாது.

தரமணி_ஆப்ஸ்

எல்லோரும் வால்யூம் ஆன்லைனா ஆஃப்லைனா என்றே பேசுகிறீர்கள். அப்ளிகேஷன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா? எங்களை ராத்திரி எழுப்புவது பெரும்பாலும் ஆஃப்லைன் வால்யூம் இல்லை. ஆன்லைனில் இருக்கும் வால்யூமில் இடம் இல்லாததுதான். இருக்கிறது, ஆனால் உதவாது.

அதிலும் எத்தனை சிலிண்டர் (டிஸ்க் இட அளவு) காலி என்ற மொத்தக் கணக்கு ஏமாற்றும். சாதாரண சீக்வென்ஷியல் ஃபைலுக்கு ஒரு வால்யூமில் 16 எக்ஸ்டென்ட்தான், அதாவது 16 தொடர்ச்சியான துண்டுகள்தான். ஸ்பேஸ் பேராமீட்டரில் பிரைமரி (முதலில் கேட்பது) 100 சிலிண்டர், செகண்டரி (நிரம்பியதும் ஒவ்வொரு முறையும் கேட்பது) 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரைமரி ஒரே துண்டாகக் கிடைத்தால் 100, அப்புறம் 15 முறை 20, மொத்தம் 400 சிலிண்டர். வால்யூம் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் சிஸ்டம் பிரைமரியையே 5 எக்ஸ்டென்ட் வரை பிரித்து எடுக்கும். அப்போது மிச்சம் 11 எக்ஸ்டென்ட். 11 முறை 20 என்றால் 220, மொத்தம் 320தான். செகண்டரியும் பிரிந்தால் அதுவும் கிடையாது.

எங்களிடம் மாதக் கடைசி எக்ஸ்ட்ராக்ட் ஒன்று கிட்டத்தட்ட 370 சிலிண்டர் வரும். சில மாதம் ஓடும், சில மாதம் பி37, அதாவது இடம் போதாமல் அபெண்ட். ஜேசிஎல்லில் ஒரு எழுத்து மாறவில்லை, ப்ரோக்ராம் மாறவில்லை, டேட்டா அளவும் ஏறக்குறைய அதேதான். வால்யூமில் காலி இடமும் ஏராளம். புறநகர் ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட் காலி என்றால் ஆறு பேர் குடும்பம் சேர்ந்து உட்கார முடியாதே, அந்தக் கதைதான். கலெக்‌ஷன் ரிப்போர்ட் அந்தக் காலி சீட்டை எல்லாம் கூட்டிப் பச்சை விளக்கு காட்டும். மேனேஜர் "ஸ்பேஸ் இருக்கிறதே, ப்ரோக்ராமில்தான் ஏதோ" என்பார்.

எனவே, வால்யூம் கிடைக்கிறதா என்ற கேள்வியோடு, மிகப் பெரிய ஒற்றைத் துண்டு எவ்வளவு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சிறுசேரி_டிஸ்க்

மேடம் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. கணக்குக்காகச் சொல்கிறேன்: 3390 வகை டிஸ்கில் ஒரு டிராக் 56,664 பைட், 15 டிராக் ஒரு சிலிண்டர், அதாவது 8,49,960 பைட். பழைய மாடல் 3-இல் மொத்தமே 3,339 சிலிண்டர்தான். உங்கள் 370 சிலிண்டர் அதில் ஒன்பதில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட சின்ன வால்யூம்கள் நிறைய உள்ள பூலில் ஒற்றைத் துண்டாக அவ்வளவு கிடைப்பது அபூர்வம். மாடல் 54-க்கு 65,520 சிலிண்டர். புதுப் பெட்டிக்கு மாறும்போது பழைய அளவையே திரும்ப வெட்டாமல் பெரிய வால்யூமாகக் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே போகும்.

இரண்டாவது, டேட்டா கிளாஸில் (ஃபைல் அமைப்பைச் சொல்லும் எஸ்எம்எஸ் விதி) எக்ஸ்டெண்டட் ஃபார்மேட் கொடுத்தால் ஒரு வால்யூமில் 123 எக்ஸ்டென்ட் வரை போகலாம். ஸ்பேஸ் கன்ஸ்ட்ரெய்ன்ட் ரிலீஃப் வைத்தால் 5 எக்ஸ்டென்ட் கட்டுப்பாடும் தளரும், கேட்ட அளவைக் குறிப்பிட்ட சதவீதம் குறைத்தும் கொடுக்கும். ஜேசிஎல்லைத் தொடவே வேண்டாம்.

தரமணி_ஆப்ஸ்

எக்ஸ்டெண்டட் ஃபார்மேட்டுக்கு எல்லா ஃபைலும் போக முடியாதே. எங்களிடம் எக்ஸ்கிப் வைத்து நேரடியாகப் படிக்கும் ஒரு பழைய அசெம்பிளர் ப்ரோக்ராம் இருக்கிறது, அதை யாரும் தொடத் துணிவதில்லை.

சிறுசேரி_டிஸ்க்

அதற்கு மட்டும் பழைய வழியே. பேட்ச் தொடங்கும் முன் அந்த வால்யூமில் டிஎஸ்எஸ் டிஃப்ராக் ஓட்டி, சிதறிய காலி இடத்தை ஒன்று சேருங்கள். ஃபைல் திறந்திருக்காத நேரம் பார்த்து.

கன்சோல்_ஷிஃப்ட்பி

எச்எஸ்எம் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். மைக்ரேட் ஆன ஃபைலைக் கேட்கும் ஜாப் இனிஷியேட்டருக்குள் இருந்துகொண்டே ரீகாலுக்குக் காத்திருக்கும். எம்எல்2 டேப்பில் இருந்தால் இன்னும் நேரமாகும். வருஷத்துக்கு ஒரு முறை, காலாண்டுக்கு ஒரு முறை ஓடும் ஜாப்களில் இது நிச்சயம் நடக்கும். நாங்கள் காலாண்டுக் கடைசிக்கு முந்தின நாள் ஒரு சின்ன ஜாப் ஓட்டி, தேவையான ஃபைல்களுக்கெல்லாம் எச்ரீகால் கொடுத்துவிடுகிறோம், வெயிட் இல்லாமல். மறுநாள் எல்லாம் டிஸ்கில் தயாராக இருக்கும். அந்த ஃபைல்களின் மேனேஜ்மென்ட் கிளாஸை (எப்போது மைக்ரேட் ஆகும் என்ற விதி) மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதே ராத்திரி திரும்பவும் மைக்ரேட் ஆகிவிடப் போகிறது.

ஜேசிஎல்_கத்துக்குட்டி

அம்பத்தூர் சார், கன்ட்ரோல்-எம்மிலேயே எண்ணிக்கை வைத்துக் கட்டுப்படுத்தும் குவான்டிடேட்டிவ் ரிசோர்ஸ் இருக்கிறதே. அதில் பூல் பெயரை வைத்து, வேலை நடக்கும்போது எண்ணிக்கையைப் பூஜ்யம் ஆக்கினால் ஜாப் சப்மிட்டே ஆகாதே? டபிள்யூஎல்எம் வரை ஏன் போக வேண்டும்?

சிஸ்ப்ராக்_அம்பத்தூர்

போகத் தேவையில்லாத இடங்கள் உண்டு. எல்லா ஜாபும் ஷெட்யூலர் வழியாகத்தான் ஓடுகிறது என்றால் நீ சொல்வதே போதும். ஆனால் எந்த இடத்திலும் அப்படி இல்லை. டிஎஸ்ஓ டெர்மினலிலிருந்து ஒருவர் சப்மிட் செய்வார், ஒரு ஜாப் இன்டர்னல் ரீடர் வழியாக இன்னொரு ஜாபை அனுப்பும், ராத்திரி ஏதோ விழுந்தால் ஆன்கால் ஆள் கையால் ஒரு காப்பி ஓட்டுவார். ஷெட்யூலருக்கு இவற்றைத் தெரியாது. எஸ்சிஎச்இஎன்வி ஜெஸ்2-இலேயே நிற்பதால் எந்த வழியில் வந்தாலும் பிடிக்கும். ஜாப் கார்டில் போட மறப்பார்கள் என்று பயந்தால், ஜெஸ்2-இல் ஜாப் கிளாஸுக்கே ஒரு என்விரான்மென்ட் வைத்துவிடலாம்.

மறுபக்கம், 'பூல் பாதிதான் இருக்கிறது, ஒரே நேரத்தில் மூன்று பெரிய சார்ட் வேண்டாம்' என்ற அளவுக் கட்டுப்பாடு டபிள்யூஎல்எம்மில் கிடையாது. அதற்கு ஆன், ஆஃப் மட்டும்தான் தெரியும். அங்கே கன்ட்ரோல்-எம் எண்ணிக்கைதான் உதவும். சார்ட் வொர்க் பூலில் ஐந்தில் இரண்டு வால்யூமை எடுத்துவிட்டு அதே எண்ணிக்கையில் சார்ட் ஜாப்களை விட்டால் ஐசிஇ083ஏ, ஐசிஇ046ஏ என்று இடப் பற்றாக்குறை மெசேஜோடு வரிசையாக விழும். இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் என் கருத்து: பூல் இருக்கிறதா என்பதை ஜெஸ்2-இல், எவ்வளவு இருக்கிறது என்பதை ஷெட்யூலரில்.

பழைய_ஜெஸ்3

எண்ணிக்கை வைப்பவர்கள் கவனிக்க. ஒரு முறை வைத்த எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூலில் வால்யூம் சேர்ப்பார்கள், எடுப்பார்கள், ஷெட்யூலரில் பழைய எண்ணே நிற்கும். டிகலெக்ட் (டிஸ்க் விவரம் திரட்டும் கமாண்ட்) ஓட்டினால் ஒவ்வொரு வால்யூமுக்கும் ஒரு வி ரெக்கார்ட் வரும். காலி இடம், மிகப் பெரிய ஒற்றைத் துண்டு, ஃப்ராக்மென்டேஷன் இன்டெக்ஸ், விடாக்கில் மிச்சமுள்ள டிஎஸ்சிபி (ஃபைல் பதிவுக்கான இடம்) எல்லாம் அதிலேயே இருக்கிறது. பேட்ச் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அதைப் படித்து எண்ணையும் ரிசோர்ஸ் நிலையையும் மாற்றும் ஒரு சின்ன ரெக்ஸ் ப்ரோக்ராம் எழுதுங்கள். விடாக் டிஎஸ்சிபியை மறக்க வேண்டாம். சின்னச் சின்ன ஃபைல் ஆயிரக்கணக்கில் உள்ள பூலில் இடம் இருந்தும் விடாக் நிரம்பி அலொக்கேஷன் விழும்.

கன்சோல்_ஷிஃப்ட்பி

இதையெல்லாம் ஆட்டோமேஷனில் வைக்கச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் நேரத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. எங்கள் ஷிஃப்டில் பாதிப் பேருக்கு விபிஎன் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பேட்ச் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது, கன்சோலில் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் எண்ணிச் சொல்லும் அளவுதான். பதில் கேட்டு நிற்கும் மெசேஜ் ஒவ்வொன்றும் அந்த நாட்களில் எவ்வளவு பாரமாக இருந்தது என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆள் இருந்து தடுத்தால்தான் தடுக்கும் என்ற ஏற்பாட்டை அடுத்த மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

நாவலூர்_பேட்ச்

எல்லோருக்கும் பெரிய நன்றி. இந்த இழையை டீமோடு உட்கார்ந்து படித்தோம். கிளையன்ட் சிஸ்ப்ராகிடமும் (சிஸ்டம் ப்ரோக்ராமர்) பேசியாகிவிட்டது. ஸ்டோரேஜ் குரூப் வாரியாக ரிசோர்ஸ் வைக்க ஒப்புக்கொண்டார்கள், சோதனைக்கு முதலில் இரண்டு பூல். சேஞ்ச் டிக்கெட்டில் வரிசையும் மாறுகிறது: டிஸ்நியூ, காலி செய்தல், ரிசோர்ஸ் ஆஃப், ஓடுவது முடிந்ததா என்று பார்த்தல், அப்புறம் வேரி. வால்யூம் பட்டியல் மெயில் இனி தகவலுக்கு மட்டும். வால்சர் தேடும் வேலையை நேற்றே தொடங்கிவிட்டோம், எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைக்கிறது.

இரண்டு கேள்வி மிச்சம். ஜாப் வெளியே நிற்கும்போது கன்ட்ரோல்-எம் அதை 'லேட்' என்று அலாரம் அடிக்குமே, அதை என்ன செய்வது? ஐபிஎல் (சிஸ்டம் ரீஸ்டார்ட்) ஆனால் ரிசோர்ஸ் நிலை என்ன ஆகும்?

சிஸ்ப்ராக்_அம்பத்தூர்

அலாரம் அடிக்கட்டும், அதை அணைக்காதீர்கள். ஆனால் மெசேஜில் காரணம் வருமாறு செய்யுங்கள். ரிசோர்ஸை ஆஃப் செய்யும் அதே ஆட்டோமேஷன் சேஞ்ச் எண்ணோடு ஒரு வரியை ஷெட்யூலர் லாகிலும் எழுதட்டும். ஷிஃப்டில் உள்ளவர் அதைப் பார்த்து, எப்போது திரும்ப வரும் என்று கிளையன்ட்டுக்குச் சொல்லலாம்.

ஐபிஎல் ஆனதும் ரிசோர்ஸ் எல்லாம் ரீசெட் நிலையில் இருக்கும். ரீசெட் என்றால் ஆனும் இல்லை, ஆஃபும் இல்லை. ஆன் வேண்டும் என்று காத்திருக்கும் ஜாப் எதுவும் நகராது. வேலை முடிந்து ஐபிஎல் செய்துவிட்டு, எல்லாம் ஆன்லைனில் இருந்தும் பேட்ச் ஏன் அசையவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். நிலை ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனி என்பதால் சிஸ்ப்ளெக்ஸில் (சேர்ந்து இயங்கும் சிஸ்டங்களின் தொகுப்பு) ஒவ்வொன்றிலும் ஆன் செய்ய வேண்டும். ஐபிஎல்லுக்குப் பிந்தைய ஆட்டோமேஷனில், வால்யூம்கள் ஆன்லைனா என்று டிஸ்ப்ளே யூனிட்டில் பார்த்த பிறகு ஆன் செய்யும்படி எழுதுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஆன் வேண்டாம்.

டிஆர் (பேரிடர் கால மாற்று) சைட்டையும் பாருங்கள். அங்கே டபிள்யூஎல்எம் சர்வீஸ் டெஃபினிஷன் பழையதாக இருந்தால் அந்த என்விரான்மென்ட் பெயரே தெரியாது. பெயர் தெரியாத என்விரான்மென்ட் கேட்கும் ஜாப் காத்திருக்காது, ஜேசிஎல் எரராக விழும். டிஆர் ட்ரில்லுக்கு முன் புதிய டெஃபினிஷனை அங்கேயும் இன்ஸ்டால் செய்து பாலிசியை ஆக்டிவேட் செய்துவிடுங்கள்.